ஒரு லோடு லாரி, எத்தனை கார்?

"எங்கள் ஊராட்சிச் சாலை போட்டு ஓராண்டுதான் ஆகிறது. கல்குவாரிக்குத் திரும்பும் இடம்வரை குண்டும் குழியுமாகிவிட்டது. அந்தத் திருப்பத்துக்கு அப்பால், அதே ஒப்பந்ததாரர் அதே மாதம் போட்ட பகுதி அப்படியே இருக்கிறது. எப்படி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கமிஷன் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கமிஷன் வாங்கியவருக்குத் திருப்பம் தாண்டியதும் மட்டும் மனசாட்சி விழித்திருக்க வாய்ப்பில்லை. வித்தியாசம் லாரியில் இருக்கிறது.

சாலை என்பது அடுக்கடுக்கானது என்பது தெரிந்ததுதான்: கீழே கெட்டித்த மண், அதன்மேல் கிராவல், ஜல்லி, மேலே தார். அதிகம் பேர் அறியாதது, சாலை வளைகிறது என்பது. சக்கரம் மேலே வரும்போது அந்த இடம் அமுங்குகிறது. சக்கரம் போனதும் எழுகிறது. இதை அளக்க பெங்கல்மன் பீம் என்று ஒரு கருவி உண்டு. நான் பார்த்தவற்றில் மிக எளிமையான, மிக அழகான கருவிகளில் ஒன்று. லோடு ஏற்றிய லாரியின் பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். அதில் நீளமான சட்டத்தின் முனையை நுழைத்துத் தரையைத் தொடும்படி வைப்பார்கள். மறுமுனையில் கடிகாரம்போல ஒரு முள். லாரியை மெல்ல முன்னால் நகர்த்தச் சொல்வார்கள். டயர் விலக விலகச் சாலை மூச்சு விடுவதுபோல மேலெழும், முள் நகரும். நல்ல சாலையில் அந்த எழுச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தச் சாலைக்கு ஆயுள் குறைவு.

தார் தடிமனாக உள்ள நெடுஞ்சாலையில், இப்படி வளையும்போது தார் அடுக்கின் அடிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் கீழே தொடங்கி மேலே ஏறுகிறது. கிராமச் சாலையில் தார் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் விரிப்புதான். அங்கே தோற்பது அடியில் உள்ள மண். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அது அமுங்கி எழும்போது, முன்பிருந்த உயரத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. மயிரிழையளவு பள்ளம் மிஞ்சுகிறது. அது சேர்ந்து சேர்ந்து சக்கரத்தடமாகிறது. தடத்தில் மழைநீர் நிற்கிறது, விரிசல் வழியே உள்ளே இறங்குகிறது, நனைந்த மண் வலுவிழக்கிறது. அதன் பிறகு நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எடை கூடினால் சேதம் எவ்வளவு கூடும்? இதற்கு விடை காண அமெரிக்கர்கள் இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகே வளையம் வளையமாகச் சோதனைச் சாலைகளைப் போட்டார்கள். 1958 முதல் 1960 வரை இராணுவ ஓட்டுநர்கள் அவற்றில் வெவ்வேறு எடை ஏற்றிய லாரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். ஒரு வளையத்தில் மட்டும் வண்டியே விடவில்லை. வெயிலும் பனியும் தனியாக என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக. பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுச்சுமைகள் (அச்சு என்பது இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) கடந்த பிறகு கிடைத்த முடிவு: சேதம் அச்சின் எடையோடு நேராக ஏறவில்லை, ஏறத்தாழ நான்காம் அடுக்காக, அதாவது எடையின் மடங்கை நான்கு முறை எழுதிப் பெருக்கிய அளவுக்கு, ஏறுகிறது. எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. நான்கு என்பது இயற்கையின் மாறிலி அல்ல. மண்ணுக்கும் சாலையின் தடிமனுக்கும் ஏற்ப அது கூடும், குறையும். ஆனால் ஒன்றாக இருப்பதில்லை என்பது உறுதி.

ஒரு டன் எடையுள்ள காரில் அச்சுக்கு அரை டன். லாரியின் பின் அச்சில் பத்து டன். எடை இருபது மடங்கு. சேதம் 20 x 20 x 20 x 20, அதாவது 1,60,000 மடங்கு. சாலை தேய்கிறது என்று கார்க்காரர்கள்மேலும் பைக்குகள்மேலும் கோபப்படுவதில் பொருளில்லை. 2018இல் மத்திய அரசு, நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கூடியது 13 சதவீதத்துக்கும் குறைவு. நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள்: சேதம் 60 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. சரக்குக் கட்டணம் மலிந்த செய்தியைப் படித்தோம்; ஒட்டுப்போடும் செலவு யார் தலையில் விழும் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

பணக் கணக்கு இந்த இடத்தில்தான் இடிக்கிறது. ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929இல் மத்திய சாலை நிதி உருவானது முதல், சாலைக்குப் பணம் எரிபொருள் வரியிலிருந்து வருவது நமக்குப் பழகிய ஏற்பாடு. இன்றும் பெட்ரோல், டீசல் மீது செஸ் இருக்கிறது. லாரி காரைவிடச் சில மடங்கு அதிகம் எரிபொருள் குடிக்கும், சில மடங்கு அதிகம் செஸ் கட்டும். சேதமோ பல்லாயிரம் மடங்கு. அபராதமும் அப்படித்தான். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி கூடுதல் எடைக்கு 20,000 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். சட்டம் கூட்டல் போடுகிறது, சாலை நான்கு முறை பெருக்குகிறது. நியூசிலாந்து 1970களின் இறுதியிலேயே கனரக வண்டிகளிடம் எடை, அச்சு எண்ணிக்கை, ஓடும் தூரம் மூன்றையும் வைத்துக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. ஒரே சுமையை ஓர் அச்சுக்குப் பதில் இரண்டில் பிரித்து ஏற்றினால் மொத்தச் சேதம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், கட்டணமே அச்சைக் கூட்டத் தூண்டுகிறது.

நம் லாரிகள் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றன. கண்ணேறுக்கு இவ்வளவு முன்னேற்பாடு செய்கிற நாம், அச்சை எடை போட்டுப் பார்க்க மட்டும் சோம்பல் படுகிறோம். கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சாலை போட ஒதுக்கும் கோடிகளில் ஒரு துளியை அதற்கும், மாவட்டந்தோறும் நடமாடும் எடைமேடைகளுக்கும் கொடுத்தால் போட்ட பணம் திரும்பி வரும் என்பது என் கட்சி.

வாசகரின் சாலைக்கு வருவோம். போக்குவரத்து மிகக் குறைந்த கிராமச் சாலையை, பத்து ஆண்டுகளில் 8.16 டன் கொண்ட நிலையான அச்சு (கணக்குக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளும் அச்சு) 10,000 முதல் 30,000 முறை கடக்கும் என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பார்கள். சட்டப்படி 11.5 டன் ஏற்றிய பின் அச்சு, ஒரு முறை போனாலே நான்கு நிலையான அச்சுக்குச் சமம். நாளொன்றுக்கு 20 லோடு போனால் 80. முப்பதாயிரத்தை எட்ட ஓராண்டும் சில நாட்களும் போதும். அச்சில் 15 டன் ஏற்றினால் நான்கரை மாதம்.

ஆகவே அந்தச் சாலையின் மதிப்பீட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை நிலையான அச்சு என்று போட்டிருக்கிறார்கள், குவாரி லாரிகளை எண்ணினார்களா என்று பாருங்கள். எண்ணவில்லை என்றால், மறுபடி அதே 20 மில்லிமீட்டர் விரிப்புக்கு டெண்டர் விடுவது வீண்செலவு என்று கிராமசபையில் எழுத்துமூலம் தீர்மானம் போடலாம். தடித்த சாலைக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். சுரங்கப் பணியால் பாதிக்கப்படும் பகுதிகளுக்காக 2015 சட்டத் திருத்தத்தின்படி மாவட்ட கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. அந்த நிதியைச் சாலைக்கும் செலவிடலாம். மனு மாவட்ட ஆட்சியருக்கு.