வேகத்தைக் குறைத்தால் சுக்கான் தூங்கிவிடும்

ரயில் பெட்டி ஒன்றைத் தண்ணீரில் இறக்கிவிட்டது போலிருக்கும் இங்கிலாந்தின் குறுகலான கால்வாய்ப் படகு, நாரோபோட். நீளம் 70 அடி வரை போகும். அகலமோ 7 அடிகூட இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்றவர்கள் வெட்டிய கால்வாய்களின் லாக்குகள், அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள், அவ்வளவு குறுகல். இரும்புத் தகட்டில் செய்த இந்தப் படகு 15 டன்னுக்கு மேல் இருக்கும். இவ்வளவு கனமானதைக் காற்று என்ன செய்துவிடும்?

நிறையவே செய்யும். அடிப்பாகம் தட்டை. நீருக்குள் இருப்பது சுமார் 60 செ.மீ. தான், மேலே நிற்கும் சுவரோ ஒன்றரை மீட்டர் உயரம். 18 மீட்டர் நீளப் படகில் கிட்டத்தட்ட 25 சதுர மீட்டர் பாய் விரித்த மாதிரி. மணிக்கு 20 கி.மீ. காற்று பக்கவாட்டில் அடித்தால், தோராயமாக 50 கிலோ எடைக்குச் சமமான விசை. காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு: 200 கிலோ.

புதிதாக ஓட்டுபவர் பயந்துபோய் வேகத்தைக் குறைப்பார். அங்கேதான் தப்பு. சுக்கான், புரொப்பெல்லருக்கு நேர் பின்னால் இருக்கிறது. புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் நீர் அதில் மோதித் திரும்புவதால்தான் படகும் திரும்புகிறது. புரொப்பெல்லர் நின்றால் சுக்கான் கிட்டத்தட்ட வெறும் தகடு. அதனால் அனுபவசாலிகள் காற்றில் சற்று வேகமாகவே போவார்கள், மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பி, நண்டு நடையில்.

காற்று கரையோரம் ஒதுக்கிவிட்டால் அடுத்த வம்பு. அங்கே கிடக்கும் பாலித்தீன் பையோ பழைய கயிறோ புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். உந்துவிசையும் திருப்பும் சக்தியும் ஒரே நொடியில் போய்விடும். கால்வாயில் இது எரிச்சல். ஆற்றில், நீரோட்டம் தடுப்பணைப் பக்கம் இழுக்கும்போது, ஆபத்து. ஆகவே நங்கூரம் கயிறோடு தயாராகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

பழுதைச் சரிசெய்யும் ஏற்பாடு எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. படகின் பின்பகுதியில், புரொப்பெல்லருக்கு நேர் மேலே, அடி திறந்த ஓர் இரும்புப் பெட்டி. அதன் மேல்வாய் ஆற்று நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால், மூடியைத் திறந்தாலும் தண்ணீர் உள்ளே வராது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையை உள்ளே விட்டுக் கத்தியால் அறுத்தெடுக்கலாம். அப்புறம் மூடியை இறுக்க மறந்தால், சுழலும் புரொப்பெல்லர் தண்ணீரை எஞ்சின் அறைக்குள்ளேயே வாரி இறைக்கும். அப்படி மூழ்கிய படகுகள் உண்டு.

ஆற்றில் எஞ்சின் சூடாவதும் வழக்கம். பல படகுகளில் ரேடியேட்டர் கிடையாது. நீருக்குள் இருக்கும் படகுச் சுவரின் உட்புறம் பற்றவைத்த தட்டைத் தொட்டியில் எஞ்சினின் சுடுநீர் ஓட, வெளியே இருக்கும் ஆறு அதைக் குளிர்விக்கும். மணிக்கு 6 கி.மீ.க்கு மேல் போகக்கூடாத கால்வாயில் சிறிய தொட்டியே போதும். நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கணக்கில் உழைக்கும்போதுதான் அதன் போதாமை தெரியும்.

தேம்ஸ் நதியில் ஓட்டம் கடுமையானால் லாக்குகளில் சிவப்புப் பலகை வைப்பார்கள். அதைப் பார்த்தால் கரையில் கட்டிவிடலாம், ஆனால் கயிற்றை விறைப்பாகக் கட்டாமல். இரவில் நீர்மட்டம் ஏறவோ இறங்கவோ செய்தால் படகு கயிற்றில் சாய்ந்து தொங்கும்.