படகில் பூட்டும் சார்ஜர்: கடைசி இரண்டு மணித்தியாலத்தைப் பாருங்கள்

கிழக்கிலங்கையின் வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஆழ்கடல் படகொன்றின் எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்தால், மூலையில் மரப்பெட்டிக்குள் இரண்டு மூன்று பெரிய லொறிப் பற்றரிகள் இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண, இரவு விளக்கு எரிக்க, ஜிபிஎஸ் பார்க்க, ரேடியோவில் பேச, படகு நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாகக் கரைக்கு அறிவிக்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிதான் கதி. கல்லடியிலும் கல்முனையிலும் மணலில் இழுத்து விட்டிருக்கும் ஃபைபர் போட்டுகளில் இவ்வளவு இல்லை. ஒரேயொரு பற்றரி இருக்கும், அதையும் பலர் தூக்கிக்கொண்டு போய் வீட்டிலோ கடையிலோதான் சார்ஜ் போடுகிறார்கள். இரு தரப்பாருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. நாலைந்து வருடம் உழைக்க வேண்டிய பற்றரி ஒன்றிரண்டு வருடத்திலேயே படுத்துவிடுகிறது. இன்றைய விலைக்கு அது சின்ன அடி இல்லை.

பழி பற்றரி மேல் விழுகிறது. என் பார்வையில் பெரும்பாலும் குற்றவாளி சார்ஜர். அதிலும், சார்ஜர் வேலையைத் தொடங்குகிற விதத்தில் பிழை இருப்பது அரிது. முடிக்கிற விதத்தில்தான் இருக்கிறது. கடையில் "இது இருபது அம்பியர், இது முப்பது அம்பியர்" என்று சொல்லித் தருவது தொடக்கத்தின் கதை மட்டுமே.

பற்றரி "வீக்" ஆகிவிட்டது என்கிறோமே, உள்ளே என்னதான் நடக்கிறது? 12 வோல்ட் ஈயப் பற்றரிக்குள் 6 அறைகள். ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். ஒவ்வொரு அறையிலும் இரண்டு வகைத் தட்டுகள் தண்ணீர் கலந்த சல்பூரிக்கமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கபில நிற ஈயவீரொட்சைட்டு, மற்றது சாம்பல் நிற ஈயம். விளக்கைப் போட்டதும் அமிலத்திலிருக்கும் சல்பேற்று இரண்டு தட்டிலும் படிந்து ஈயசல்பேற்று ஆகிறது. அமிலம் தண்ணீர்ப்பக்கம் போகிறது. சார்ஜ் போடும்போது இதே தாக்கம் பின்னோக்கி நடந்து, சல்பேற்று தட்டை விட்டு மறுபடி அமிலத்துக்குத் திரும்புகிறது. 1859 இல் பிரான்ஸைச் சேர்ந்த கஸ்தோன் பிளான்தே செய்துகாட்டிய இரசாயனம் இது. தட்டு செய்யும் முறை எவ்வளவோ மாறிவிட்டது, தாக்கம் மாறவில்லை.

புதிதாகப் படிந்த ஈயசல்பேற்று மாவு போல நுண்ணிய துகள். சார்ஜ் கொடுத்தால் உடனே கரைந்து போகும். ஆனால் நாட்கணக்கில் அப்படியே விட்டால் சின்னத் துகள்கள் சேர்ந்து பெரிய, கடினமான பளிங்குகளாக வளர்கின்றன. பிறகு எந்தச் சார்ஜர் போட்டாலும் முழுவதுமாகக் கரையாது. தட்டின் அந்தப் பகுதி செத்தது செத்ததுதான். பற்றரியை ஒருநாள் முழுக்க இறக்கிவிடுவதால் மட்டும் இது வருவதில்லை. தினமும் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் ஏற்றிவிட்டு "சரி, காணும்" என்று கழற்றினாலும் இதே கதிதான். மிச்சப் பதினைந்து சதவீதச் சல்பேற்று ஒருநாளும் கரையாமல் கெட்டியாகிக்கொண்டே போகும்.

இதைக் கையோடு பார்க்க ஒரு மீற்றர் இருந்தால் போதும். சார்ஜரைக் கழற்றியவுடனே பற்றரியில் வைத்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது தட்டின் மேற்பரப்பில் நிற்கும் மின்னழுத்தம், உள்ளிருப்பு அல்ல. விளக்கு, ரேடியோ எதுவும் போடாமல் சில மணித்தியாலம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 12.7 இல் நின்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான். மூடி கழற்றக்கூடிய பற்றரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை ஐதரோமீற்றரால் ஒவ்வொரு அறையாகப் பார்க்கலாம். நிறைந்த அறை 1.27 அளவில் இருக்கும், பாதி இறங்கியது 1.20க்குக் கிட்ட. ஐந்து அறை நல்லதாக இருந்து ஒன்று மட்டும் விழுந்து கிடந்தால் அந்தப் பற்றரிக்குச் சார்ஜர் தேடிப் பயனில்லை.

சரி, ஏன் கடைசிப் பங்கு இவ்வளவு கஷ்டம்? கானுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர் முதலில் மளமளவென்று ஊற்றுவார், கழுத்துக்குக் கிட்ட வந்ததும் கையை நிதானிப்பார். நல்ல சார்ஜரும் அதைத்தான் செய்கிறது. முதல் கட்டத்தில் தன் முழு அம்பியரையும் கொடுக்கிறது. பற்றரியின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி 14.4 வோல்ட்டைத் தொடும்போது ஏறக்குறைய எண்பது சதவீதம் நிரம்பியிருக்கும். இரண்டாம் கட்டத்தில் அழுத்தத்தை அதற்கு மேல் போக விடாமல் 14.4 இலிருந்து 14.8 வரை, பற்றரி வகைக்கு ஏற்றபடி, பிடித்துவைத்துக்கொள்கிறது. பற்றரி தானாகவே குறைவாகக் குடிக்கத் தொடங்கும். பத்து அம்பியர் ஐந்தாகும், மூன்றாகும், ஒன்றாகும். இதற்கு இரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கும். பற்றரியின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த நேரம்தான். மூன்றாம் கட்டத்தில் அழுத்தத்தை 13.5 வோல்ட் அளவுக்கு இறக்கி, தானாக வடிந்து போவதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டு நிற்கிறது.

மலிவான சார்ஜர்கள் இரண்டு விதமாகக் கெடுக்கின்றன. ஒரு வகை 14.4 தொட்டதும் பச்சை விளக்கைப் போட்டு நின்றுவிடும். பற்றரி எண்பதில் நிற்கும், ஆள் நிறைந்ததென்று நம்பிக் கடலுக்குப் போவார். மற்ற வகை நிற்கவே நிற்காது. 14.4 வோல்ட்டைத் தாண்டித் தாண்டிப் போகையில் அமிலத்திலுள்ள தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து குமிழியாக வெளியேறும், தட்டு வெளியே தெரியும், நேர்முனைத் தட்டு அரித்துப் போகும். காற்றில் 4 சதவீதம் ஐதரசன் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். மூடிக் கிடக்கும் எஞ்சின் அறைக்குள் இது விளையாட்டுக் காரியமில்லை. பற்றரிப் பெட்டியின் மேற்பக்கத்தில் காற்றுப் போக வழி வையுங்கள், ஐதரசன் மேலேதான் எழும். பற்றரிக்குள் கடல்தண்ணீர் போய்ச் சேர்ந்தால் குளோரீன் வாயுவும் வரும். அதனால் பெட்டி உயரமான இடத்தில் இருப்பது நல்லது.

ஆகவே சார்ஜர் வாங்கும்போது முதல் கேள்வி, எத்தனை வோல்ட்டில் பிடிக்கும், எத்தனையில் இறக்கும், எதைப் பார்த்து இறக்கும் என்பது. நல்ல சார்ஜரின் கையேட்டில் இந்த எண்கள் அச்சிட்டிருக்கும். "ஒட்டோமெற்றிக்" என்று மட்டும் எழுதி எண் எதுவும் இல்லாத பெட்டியை நான் தொடமாட்டேன். முடிந்தால் கடையிலேயே ஒரு பற்றரியில் பூட்டி மீற்றரை வைத்துக் காத்திருங்கள். 14.4க்குக் கிட்ட ஏறி, அங்கே நின்று, பிறகு 13.5க்கு இறங்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது: வெப்பம். மேலே சொன்ன எண்களெல்லாம் 25 பாகை செல்சியசுக்கு எழுதியவை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் நிழலிலேயே 34, 35 பாகை சாதாரணம். எஞ்சின் அறைக்குள் 40 தாண்டும். பற்றரி சூடாகும்போது உள்ளே தாக்கம் விரைவாகிறது, குறைந்த அழுத்தத்திலேயே வாயு கிளம்பத் தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட் பற்றரியில் கிட்டத்தட்ட 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். 40 பாகையில் கணக்குப் பார்த்தால் 14.4 என்பது 14.1 ஆக இருந்திருக்க வேண்டும். குளிர்நாட்டுக் கடைக்காகச் செய்த சார்ஜர் இதை அறியாமல் 14.4 இலேயே பிடித்துக்கொண்டு நிற்கும், நாளுக்கு நாள் தண்ணீர் வற்றும். வெப்பம் தானாகவே ஏறக்குறைய 10 பாகைக்கு ஒருமுறை பற்றரி ஆயுளைப் பாதியாக்குகிறது. அதோடு பிழையான சார்ஜும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? நல்ல படகுச் சார்ஜர்களில் ஒரு சின்ன வயர் தனியாக வரும், நுனியில் வளையம் இருக்கும். அதைப் பற்றரியின் எதிர்முனையில் மாட்டினால் சார்ஜர் பற்றரியின் சூட்டைப் பார்த்துத் தன் அழுத்தத்தைச் சரிசெய்யும். அந்த வயர் இல்லாத சார்ஜரை இந்தக் கரையில் பூட்டச் சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்தது கரைக் கரண்ட். பெயருக்கு 230 வோல்ட். வாடியிலிருந்து நீளமான வயர் இழுத்துக்கொண்டு வந்தால் மாலை நேரத்தில் 200க்கும் இறங்கும். பழைய மாதிரி, தூக்கவே முடியாத இரும்பு ட்ரான்ஸ்போமர் சார்ஜரில் வெளியே வருவது உள்ளே போவதைப் பொறுத்தது. 230க்கு 14.4 தரும் பெட்டி 200க்கு ஏறத்தாழ 12.5தான் தரும். அதாவது இரவு முழுக்க ரீங்காரம் கேட்கும், பற்றரியில் ஒன்றும் ஏறியிராது. கரண்ட் 245 ஆனால் 15.3 வோல்ட் அடிக்கும். இலத்திரனியல் சார்ஜர்களில் 90 இலிருந்து 265 வோல்ட் வரை எது வந்தாலும் ஒரே அளவு கொடுப்பவை உண்டு. பெட்டியின் பின்பக்கத்தில் அந்த இரண்டு எண்ணையும் தேடுங்கள்.

உப்பைப் பற்றிக் கடற்கரையாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சார்ஜருக்குள் அது செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத்துகள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். இரவில் எங்கள் கரை அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். விசிறி வைத்த சார்ஜர் பகலெல்லாம் உப்புக் காற்றை இழுத்து உள்ளே படியவைக்கும்; இரவில் அந்தப் படிவம் மின்னைக் கடத்தும் ஈரத்தோலாக மாறிச் செப்பைப் பச்சையாக அரிக்கும். படகுக்கு ஏற்றது விசிறியில்லாத, உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்த வகை. ஐபி 67 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். ஐபி 22 என்பது வீட்டுக்குள் வைப்பதற்கு. அடைத்த வகைக்குச் சூடு வெளியேற வழி அதன் அலுமினிய உடல் மட்டும்தான். ஆகவே சுற்றிலும் இடைவெளி விட்டு, சுவரில் நிமிர்த்திப் பூட்ட வேண்டும். பற்றரிக்கு நேர் மேலே வேண்டாம், அமில ஆவி தின்றுவிடும்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. 230 வோல்ட்டை ஈரக்காலோடு நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறோம். சார்ஜரின் கரைப் பக்கமும் பற்றரிப் பக்கமும் மின்னளவில் முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும், இதைக் கையேட்டில் பார்க்காமல் வாங்கக் கூடாது. கரையில் அந்த வயருக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். முதலில் பற்றரியைப் பூட்டி, பிறகு பிளக்கைப் போடுங்கள். கழற்றும்போது பிளக் முதலில். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவதே சார்ஜருக்குக் காவல்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. இரவுக்கு விளக்கு, ஜிபிஎஸ், ரேடியோ எல்லாம் சேர்த்து 40 வாற் என்றும் பத்து மணித்தியாலம் என்றும் வைத்தால் 400 வாற் மணி, 12 வோல்ட்டில் 33 அம்பியர் மணி. ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 40 கொடுக்க வேண்டும். பத்து அம்பியர் சார்ஜர் முதல் கட்டத்தை மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்து, மிச்ச நேரத்தில் நிதானமாக நிரப்பும். காலையில் கரையேறி மாலையில் திரும்பப் போகும் படகுக்கு அது போதும். சார்ஜரின் அம்பியரைப் பற்றரியின் அம்பியர் மணியில் பத்திலிருந்து இருபது சதவீதம் என்று எடுத்தால் பிழை வராது. எஞ்சினோடு வரும் சார்ஜை மட்டும் நம்புகிறவர்கள் கவனிக்க: கரைக்கு வரும் அரைமணி ஓட்டம் அந்தக் கடைசிப் பங்கைத் தொடவே தொடாது.

வயரில்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். சார்ஜரும் பற்றரியும் 4 மீற்றர் தள்ளி இருந்தால் போய்வர 8 மீற்றர் வயர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 அம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.1 வோல்ட் காணாமல் போகும். சார்ஜர் தன் பக்கத்தில் 14.4 கண்டு முதல் கட்டம் முடிந்ததென்று நினைக்கும், பற்றரியிலோ 13.3. 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.3க்குள் அடங்கும். வெள்ளீயம் பூசிய செப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பியூஸ் பற்றரிக்குக் கிட்டவே இருக்கட்டும், சார்ஜர்ப் பக்கத்தில் வைத்தால் இடையில் வயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது.

ஸ்டார்ட் பண்ண ஒன்று, விளக்குக்கு ஒன்று என இரண்டு பற்றரி வைத்திருப்பவர்கள் இரண்டு தனி வெளியீடு உள்ள சார்ஜர் எடுப்பது நல்லது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் கெட்டது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரிக்கு மாறினால் அதற்கென்ற தெரிவு சார்ஜரில் இருக்க வேண்டும். பழைய ஈயப் பற்றரியைத் தட்டியெழுப்ப 15 வோல்ட்டுக்கு மேல் அடிக்கும் "ரிப்பேர்" முறை லிதியத்தில் தப்பித் தவறியும் ஓடக் கூடாது.

ஐப்பசி பிறந்து வாடை கிளம்பியதும் சின்னப் போட்டுகள் கரையேறிவிடும். தை வரை கடல் விடாது. அந்த மாதங்களில் பற்றரி மூலையில் கிடக்கும், மாதத்துக்கு ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ தானாகவே வடியும், பழையது இன்னும் வேகமாக. மாரி முடிந்து எடுக்கும்போது "நல்லாத்தானே வைத்தேன்" என்று நிற்பது இதனால்தான். மூன்று கட்டச் சார்ஜர் இருப்பவர்கள் அதை 13.5 இல் போட்டே வைக்கலாம், தண்ணீர் மட்டத்தை மட்டும் இடைக்கிடை பாருங்கள். கரண்ட் இல்லாத வாடி என்றால் எதிர்முனை வயரைக் கழற்றிவிட்டு, மீற்றர் 12.4க்கு இறங்கும் போதெல்லாம் ஒருமுறை கடைசி வரை நிரப்பி வையுங்கள்.