டிப்ளமோ என்றால் எந்த டிப்ளமோ?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு ஜனவரி வந்தால் இரண்டு கூட்டம் வரும். ஒன்று, தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுக்கிற கூட்டம். இன்னொன்று, மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் ரிசல்ட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்கிற கூட்டம். நான் உட்காருவது இரண்டாவது மேசையில்.

போன வருடம் ஓர் ஆன்ட்டி மகளின் தாளை என் முன்னால் வைத்துவிட்டு, "தம்பி, இதுல டிப்ளமோ பாஸ்னு போட்டிருக்கே, அப்போ இவ டிப்ளமோ முடிச்சிட்டாளா?" என்று கேட்டார். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் கேள்வியில் தப்பே இல்லை. தென்னாப்பிரிக்காவில் டிப்ளமோ என்ற ஒரே சொல்லை ஐந்தாறு விஷயங்களுக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் தமிழில் யோசிக்கிற பெரியவர்களுக்கும், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்த குடும்பங்களுக்கும் குழப்பம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

அந்தத் தாளில் இருந்த டிப்ளமோ பாஸ் என்பது ஒரு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். மெட்ரிக் தேறியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: ஹையர் சர்ட்டிஃபிகேட் பாஸ், டிப்ளமோ பாஸ், பேச்சிலர் பாஸ். எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு என்பதைத்தான் அது சொல்கிறது. நான்கு முழுப் பாடங்களில் 40 சதவீதமாவது எடுத்தால் டிப்ளமோ பாஸ். நான்கில் 50 எடுத்தால் பேச்சிலர் பாஸ். லைஃப் ஓரியன்டேஷன் என்கிற வாழ்க்கைத் திறன் பாடம் இந்த நான்கில் சேராது. அதில் 78 எடுத்திருக்கிறாளே என்று ஆன்ட்டி விரலை வைத்துக் காட்டினார். பாவம், அந்த 78 இங்கே செல்லாது.

மற்ற பாடங்கள்: ஆங்கிலம் 58, கணக்கு 43, ஆஃப்ரிகான்ஸ் 46, பௌதிகம் 41, உயிரியல் 57, அக்கவுண்டிங் 52. ஐம்பதைத் தாண்டியவை மூன்றுதான். கணக்கில் இன்னும் ஏழு மார்க் வந்திருந்தால் தாளில் பேச்சிலர் என்று அச்சாகியிருக்கும். இதே மார்க்கைப் பல்கலைக்கழகம் ஏ.பி.எஸ். என்ற புள்ளிக் கணக்காக மாற்றும். 80-க்கு மேல் 7 புள்ளி, 70-களுக்கு 6, 60-களுக்கு 5, 50-களுக்கு 4, 40-களுக்கு 3 என்று இறங்கும். லைஃப் ஓரியன்டேஷனை விட்டுக் கூட்டினால் இவளுக்கு 21. இந்தக் கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். அதனால் அவரவர் கையேட்டைப் பார்த்தே கூட்ட வேண்டும். எங்கள் மாகாணமான குவாசூலு-நேட்டாலில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு மெட்ரிக் எழுதும் வருடத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஜனவரியில் ஆரம்பிப்பவர்கள் மிச்சமிருக்கிற இடத்துக்குத்தான் ஓட முடியும்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கே எந்தச் சான்றிதழாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதன் லெவல் எண்ணை. தேசியத் தகுதிச் சட்டகம் என்று ஒரு பத்துப்படி ஏணி இருக்கிறது. எல்லோரும் என்.க்யூ.எஃப். என்பார்கள். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. அதைப் பராமரிப்பது சாக்வா என்கிற தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம். மெட்ரிக் நான்காம் படி. ஹையர் சர்ட்டிஃபிகேட் ஐந்து, டிப்ளமோ ஆறு, மூன்று வருட டிகிரி ஏழு, ஹானர்ஸ் எட்டு, மாஸ்டர்ஸ் ஒன்பது, டாக்டர் பட்டம் பத்து. இப்போது பாருங்கள்: அட்வான்ஸ்டு டிப்ளமோ ஏழாம் படியில் டிகிரிக்குச் சமமாக நிற்கிறது. போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோ எட்டில், டிகிரிக்கும் மேலே. டிப்ளமோ என்றாலே டிகிரிக்குக் கீழே என்று நம் ஆட்கள் கல்யாணப் பேச்சில்கூட அடித்துச் சொல்வார்கள். பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

லெவல் உயரத்தைச் சொல்கிறது. படிப்பின் எடையைச் சொல்வது கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் சராசரி மாணவருக்குப் பத்து மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். வருடத்துக்கு 120 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். மூன்று வருட டிப்ளமோவுக்கு 360. யாராவது ஆறு மாதத்தில் டிப்ளமோ தருகிறேன் என்றால் கிரெடிட் எத்தனை என்று கேளுங்கள். 30, 40 என்று பதில் வந்தால் அது ஷார்ட் கோர்ஸ். கற்றுக்கொள்வதற்கு நல்லதாக இருக்கலாம், ஏணியில் ஏற்றாது. பதிவான ஒவ்வொரு தகுதிக்கும் சாக்வா ஓர் அடையாள எண் கொடுத்திருக்கும், அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். தனியார் கல்லூரியாக இருந்தால் உயர்கல்வித் துறையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கல்லூரி பதிவாகியிருந்து படிப்பு மட்டும் பதிவாகாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. பணம் கட்டும் முன் இரண்டையும் பார்ப்பது நல்லது.

பி.டெக். பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தலைமுறையில் நேஷனல் டிப்ளமோ மூன்று வருடம், அதன்மேல் பி.டெக். ஒரு வருடம். டெக்னிக்கான் என்ற அந்தக் காலத் தொழில்நுட்பக் கல்லூரி என்றால் அதுதான் பாதை. 2002-இல் எம்.எல். சுல்தான் டெக்னிக்கானும் டெக்னிக்கான் நேட்டாலும் இணைந்துதான் இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானது. ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்த ஒருவரின் பெயர் இன்றும் அந்த வளாகத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் அப்பாமார் பலருக்கு அது இன்னும் வெறும் 'சுல்தான் டெக்'தான். அந்தப் பழைய பி.டெக்.குக்கு 2019-க்குப் பிறகு புதியவர்களைச் சேர்ப்பதில்லை. அதன் இடத்தில் வந்ததுதான் ஏழாம் படி அட்வான்ஸ்டு டிப்ளமோ. ஏற்கெனவே பி.டெக். வாங்கியவர்களின் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது.

இன்ஜினியரிங்கில் மட்டும் இன்னொரு சிக்கல். பி.இங். நான்கு வருடம், எட்டாம் படி, புரொஃபஷனல் இன்ஜினியராகப் பதிவு செய்யும் வழி. பி.இங்.டெக். ஏழாம் படி, டெக்னாலஜிஸ்ட் பதிவுக்கான வழி. டிப்ளமோ படித்தவர் டெக்னீஷியன். பெயரில் ஒரு 'டெக்' கூடினால் வழியே மாறிவிடுகிறது. பிள்ளை இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான் என்று இனிப்பு கொடுக்கிறவர்கள் எது என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

செயல்முறைப் படிப்புகளில் முதல் வருடத்திலேயே காதில் விழும் சொல் 'வில்'. படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி என்று அர்த்தம். பழைய ஆட்கள் இன்சர்வீஸ் என்பார்கள். டிப்ளமோக்கள் பலவற்றில் இதற்கே தனி கிரெடிட் உண்டு. அந்தக் கிரெடிட் விழாவிட்டால் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தாலும் சான்றிதழ் கிடையாது. இதை என் அக்கா மகன் பட்டுத் தெரிந்துகொண்டான். பாடங்களை முடித்துவிட்டு, "நீயே கம்பெனி தேடிக்கொள்" என்று சொல்லப்பட்டு, பிரியாணிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பைன்டவுன் முதல் உம்போகின்ட்வினி வரை தொழிற்சாலை கேட்டில் சி.வி. கொடுத்து அலைந்தான். ஒரு வருடம் போனது. பிறகுதான் விதியைப் படித்தேன்: பயிற்சிக்குக் கிரெடிட் வைத்துப் பாடம் நடத்தும் நிறுவனமே மாணவருக்கு இடம் ஏற்பாடு செய்யப் பொறுப்பு என்று உயர்கல்வித் தகுதிகளுக்கான சட்டகத்தில் எழுதியே இருக்கிறது. அதைப் பிரதி எடுத்து, துறைத் தலைவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினோம். உடனே கதவு திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், பதிலாவது வந்தது. சேரும்போதே, போன வருட மாணவர்கள் எங்கே பயிற்சி செய்தார்கள் என்று கேட்டுவிடுவது உத்தமம்.

டிவெட் என்கிற தொழிற்கல்விக் கல்லூரிகள் தனி உலகம். நாடு முழுக்க 50 அரசுக் கல்லூரிகள். டர்பன் பக்கம் தெக்வினி, கோஸ்டல் இரண்டும் நமக்குத் தெரிந்தவை. அங்கே மெட்ரிக்குக்குப் பிறகு என்4, என்5, என்6 என்று, வணிகம், விருந்தோம்பல் மாதிரிப் படிப்புகளில் ஆறாறு மாதப் படிகள். இந்த 4, 5, 6 என்பதை என்.க்யூ.எஃப். லெவலோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என்6 முடித்த கையோடு டிப்ளமோ கிடைத்துவிடாது. இந்தப் படிப்புகளுக்கு இன்னும் 18 மாத வேலை அனுபவம் காட்டி விண்ணப்பித்தால்தான் நேஷனல் என் டிப்ளமோ. பொறியியலுக்குக் காலம் இன்னும் கூடும். என்6 தாளோடு நின்றுவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்புறம் லேர்னர்ஷிப்: முதலாளியோடு ஒப்பந்தம், மாதம் கொஞ்சம் உதவித்தொகை, பொதுவாக ஒரு வருடம், முடிவில் பதிவான தகுதி. இதைக் கவனிப்பது சீட்டா என்ற துறைவாரி அமைப்புகள். நம்ம ஊர்ச் சீட்டுக் கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனிகள் சம்பளத் தொகையில் ஒரு சதவீதம் கட்டுகிற திறன் வரிதான் இவற்றுக்கு வருமானம்.

பல வருடம் வேலை பார்த்துவிட்டு மெட்ரிக் இல்லாமல் இருப்பவர்களுக்கு ஆர்.பி.எல். உண்டு. அனுபவத்தைக் கோப்பாகக் காட்டி, மதிப்பீடு செய்து, படிப்பில் இடமோ கிரெடிட்டோ வாங்குவது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து வந்தவர்களுக்கு வழி வேறு: சான்றிதழை முதலில் சாக்வாவிடம் மதிப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். என்ஸ்ஃபாஸ் என்ற அரசின் மாணவர் நிதியுதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் கல்லூரிகளுக்கும் மட்டும்தான், தனியாருக்குக் கிடையாது. வீட்டு மொத்த வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும், மாற்றுத்திறனாளி மாணவருக்கு 6,00,000. மாதக் கணக்கில் பார்த்தால் 29,000 சொச்சம், அப்பா அம்மா இருவர் சம்பளமும் சேர்த்து, பிடித்தம் போவதற்கு முன்னால் உள்ள தொகை. 3,50,000-க்கும் 6,00,000-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு 'மிஸ்ஸிங் மிடில்' என்று பெயர். அவர்களுக்கென 2024-இல் வந்தது கடன்தான், தானம் அல்ல. இன்னொரு சொல் 'என் பிளஸ் ஒன்': படிப்புக் காலத்துக்கு மேல் ஒரே ஒரு வருடம்தான் பொறுப்பார்கள். மூன்று வருட டிப்ளமோவை நான்கு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். முதல் தகுதிக்குத்தான் இந்தப் பணம் என்பதால் அட்வான்ஸ்டு டிப்ளமோவுக்குப் பொதுவாகத் தொடராது. ஒருசில படிப்புகளுக்கு மட்டும் விலக்கு.

வகுப்பு தொடங்கியதும் டி.பி. என்று ஒன்று வரும். வருட மார்க்கும் வருகையும் குறிப்பிட்ட அளவு இல்லையென்றால் பரீட்சை ஹாலுக்குள்ளேயே விட மாட்டார்கள். அளவு பாடத்துக்குப் பாடம் மாறும். டி.பி. போனால் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும், அதில் அந்த 'பிளஸ் ஒன்' கரைந்துவிடும்.

ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இவளுக்கு எந்த டிப்ளமோ?" என்றார். கணக்கு 43 என்பதால் சில படிப்புகள் கதவைச் சாத்தின. சி.ஏ.ஓ. படிவத்தில் செப்டம்பரிலேயே இரண்டாவது விருப்பமாக அக்கவுண்டிங் டிப்ளமோ போட்டிருந்தாள். அதன் லெவல், கிரெடிட், வேலைப் பயிற்சி மூன்றையும் கையேட்டில் தேடி அடிக்கோடு போட்டோம். மகள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஆன்ட்டி பக்கத்து மேசைக்குப் போய்க் காவடிக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.