லினக்ஸ் எந்த ஸ்டேஷனில் நின்றது?

அக்கா மகன் மும்பை லேமிங்டன் ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தான். தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போனபோது அதில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் போட மூன்றாவது முறையாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, திரும்பவும் திரை கறுப்பாயிருச்சு. முதல்ல இருந்து இன்னொரு தடவை போடட்டுமா?"

வேண்டாம் என்றேன். அதே காரியத்தை அதே மாதிரி செய்தால் அதே இடத்தில்தான் நிற்கும். மாஹிம் ஸ்டேஷனில் வண்டி வராவிட்டால் நாம் என்ன கேட்போம்? கடைசியாக எந்த ஸ்டேஷன் தாண்டியது என்றுதானே? கம்ப்யூட்டரையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது யூஇஎஃப்ஐ. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள் இது. பழக்கத்தில் இன்னும் பலர் பயாஸ் என்றே சொல்கிறோம். பென்டிரைவிலோ டிஸ்கிலோ ஃபேட் என்ற கோப்பு வடிவில் இருக்கும் ஒரு சின்னப் பகுதியைத் தேடி, அங்கிருக்கும் பூட் லோடரை, அதாவது இயங்குதளத்தைக் கிளப்பும் சின்ன நிரலை, எழுப்பிவிடும். லினக்ஸில் பெரும்பாலும் அது கிரப். லினக்ஸின் மையக்கருவான கெர்னலையும், கூடவே ஒரு தற்காலிகக் கோப்புத் தொகுப்பையும் கிரப் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல், ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் நிரல்களான டிரைவர்களை எழுப்பி, டிஸ்கைக் கண்டுபிடித்து, மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும். அப்புறம்தான் டெஸ்க்டாப். ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கிரப் மெனுவே வரவில்லையென்றால் கெர்னல்மீது குறை சொல்ல முடியாது. பென்டிரைவில் எழுதியது சரியா, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறதா என்று பார்த்தால் போதும். இறக்கிய லினக்ஸ் கோப்பின் கைரேகை மாதிரியான ஷா-256 மதிப்பு 64 எழுத்து இருக்கும். தளத்தில் கொடுத்திருப்பதோடு அதை ஒப்பிட இரண்டு நிமிடம் ஆகாது.

இவனுக்கு மெனு வந்தது, அதன் பிறகுதான் இருட்டு. அப்படியானால் கெர்னல் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். திரையின் அளவையும் வண்ணத்தையும் கெர்னலே தன் கிராபிக்ஸ் டிரைவர் மூலம் அமைக்கும். அந்தத் தருணத்தில் டிரைவருக்கும் சிப்புக்கும் ஒத்துப்போகாவிட்டால், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தச் சொன்னேன். திரை அமைப்பில் கைவைக்காதே, யூஇஎஃப்ஐ விட்டுப்போன படியே இருக்கட்டும் என்று கெர்னலிடம் சொல்வதுதான் அது. படம் மெதுவாக நகர்ந்தது, ஆனால் வந்தது. சரியான டிரைவரைப் போட்ட பிறகு இந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, லினக்ஸே மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை. டிஸ்க் பழுதில்லை, அதே டிஸ்கில்தான் விண்டோஸ் ஓடுகிறது. பயாஸில் சேமிப்பக அமைப்பு 'ரெய்டு' என்றிருந்தது. இன்டெல் சிப் உள்ள பல லேப்டாப்களில் இந்த அமைப்பு என்விஎம்இ வகை டிஸ்கைக் கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைத்துவிடும். 'ஏஹெச்சிஐ' என்ற இன்னொரு அமைப்புக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடலாம். அதனால் முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி வைத்து, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை உள்ளே போய் வந்தோம். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரை விண்டோஸில் போட்டிருப்பவர்கள் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது.

இன்ஸ்டால் முடிந்தது. வைஃபை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லேப்டாப்புக்குள் பிசிஐ என்ற இணைப்புத் தடம் வழியாக இணைந்த ஒவ்வொரு சிப்பும் இரண்டு எண்களைச் சுமந்திருக்கிறது: ஒன்று தயாரித்தவர், மற்றது மாடல். இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. 1978இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் பெயரே அது! ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கும். கெர்னல் எண்ணையும் பட்டியலையும் பொருத்திப் பார்த்து உரிய டிரைவரை ஏற்றுகிறது. கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை '-nnk' என்பதோடு சேர்த்துக் கொடுத்தால் இந்த எண்களையும் டிரைவரின் பெயரையும் பார்க்கலாம்.

இவனுடைய வைஃபை சிப்புக்கு நேரே டிரைவர் பெயர் இருந்தது. ஆக, எண் பொருந்திவிட்டது. பிரச்சினை அதற்கு அடுத்த படியில். 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையைக் கொடுத்துக் கெர்னலின் குறிப்புகளைப் படித்தோம். ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை எண் மைனஸ் 2 என்று ஒரு வரி. லினக்ஸில் 2 என்றால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பொருள்.

வைஃபை சிப்புக்குள் தனியாக ஒரு குட்டி மூளை இருக்கிறது. அதற்கான நிரலை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அந்தச் சிப்பில் இடம் கிடையாது. ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் டிஸ்கிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். பல நிறுவனங்கள் அதன் மூலநிரலைத் தருவதில்லை, அதனால் சில லினக்ஸ் வகைகள் அதைச் சேர்க்கத் தயங்கின. அவற்றில் ஒன்றான டெபியன் 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பில்தான் தன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரோடு அதைத் தர ஆரம்பித்தது. கொள்கை ஒரு பக்கம், வைஃபை இல்லாமல் திண்டாடும் பிள்ளை ஒரு பக்கம். அந்த முடிவு சரியென்றே நான் நினைக்கிறேன்.

நெட் இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டைப் பகிரும் டெதரிங் போட்டோம். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை பட்டியல் வந்தது, பக்கத்து வீடு நாலைந்தின் பெயரோடு.

அக்கா சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவன் விண்டோஸும் திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தான். "மாமா, மணி ஒன்பதரை. இது நாலுன்னு காட்டுது."

"எவ்வளவு பின்னால இருக்கு?"

விரல்விட்டு எண்ணினான். "அஞ்சரை மணி நேரம்." சற்று யோசித்து, "நம்ம நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தானே அது?" என்றான்.

அதேதான். மதர்போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், காட்டும்போது ஐந்தரை கூட்டிக் காட்டும். விண்டோஸோ அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லண்டனில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. லினக்ஸில் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்ல ஒரு வரிக் கட்டளை உண்டு. அதை அவனே தேடி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வந்தான்.