கறி வெந்தாச்சு, கங்கு அணையவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நாலைந்து பேர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஓடி வந்து, வந்தவர்கள் மேலெல்லாம் விறகுப் புகையும் கறிக்குழம்பும் மணத்தால், கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிடும். கிடாவெட்டுக்குப் போன இடத்தில் பிள்ளை அணையாத அடுப்புக் கங்கை மிதித்திருக்கிறது.

பாண்டி கோயில் பக்கமோ, அழகர்கோவில் ரோட்டில் ஏதாவது தோப்போ, கதை ஒன்றுதான். பந்தி போட்டதும் எரிகிற கட்டையை இழுத்துப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். மண் போட்டால் தீ அடங்கும், சூடு அடங்காது. போர்வை போர்த்திய மாதிரி உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், சில நேரம் மறுநாள் காலை வரைக்கும். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்! சாமி கும்பிட வந்த இடம், பிள்ளைகள் காலில் செருப்பும் இருக்காது.

போன ஆடியில் வந்த நாலு வயசுப் பிள்ளைக்குப் பாதம் முழுக்கத் தயிரும் மஞ்சளும் அப்பியிருந்தார்கள். அதைக் கழுவி எடுத்தால்தான் காயம் எவ்வளவு ஆழம் என்றே தெரியும், கழுவும்போது அது அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. கால் வீங்கி, கொலுசு சதைக்குள் இறங்கிவிட்டது. வெட்டித்தான் எடுத்தோம். தயிர், இட்லி மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம், ஐஸும் கூடாது. கொலுசு, வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மொட்டை மாடி டேங்க் தண்ணீர் என்றால் முதலில் கொஞ்சம் திறந்துவிடுங்கள், நம்ம ஊர் வெயிலில் அதுவே சுடும்.

மாடியில் பார்பிக்யூ போடுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரி மங்குகிறதே என்று பெட்ரோலோ தின்னரோ ஊற்றாதீர்கள், தீ ஆவி வழியாகக் கேனுக்கே ஏறி வரும். அதைவிட நான் பயப்படுவது, சாப்பிட்டு முடித்து, மழை வருகிறது, குளிருகிறது என்று கங்கோடு அடுப்பை ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதற்குத்தான். கொடைக்கானல் டென்ட்டில் இதைச் செய்கிற பையன்கள் உண்டு. புகைதான் இல்லையே என்பார்கள். புகையில்லாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது, நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலிக்கும், குமட்டும். கறி ஒத்துக்கொள்ளவில்லை, சரக்கு கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பிவிடாதீர்கள், அது இந்த வாயுவையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொண்டு 98 காட்டும். ஒரே ரூமில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் குடும்பக் கிடாவெட்டில் அண்டாக்களை இறக்கியதும் நான் இரண்டு குடம் தண்ணீரோடு அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். கொஞ்சம் தள்ளி நின்று, ஆவி மேலே அடிக்காமல் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்றி, உஸ் என்ற சத்தம் நிற்கும்வரை விடுவதில்லை. "அடுப்புல தண்ணி ஊத்தலாமா தம்பி?" என்று சமையல்கார அண்ணன் ஒவ்வொரு வருஷமும் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், ஊற்றிவிட்டுத்தான் இலையில் உட்காருவேன்.