பழைய டிராக்டருக்கு ஹெட்லைட்: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் எங்கள் டெல்டாவில் டிராக்டருக்கு இரவு பகல் கிடையாது. சேடை ஓட்ட, அதாவது நடவுக்கு வயலைச் சேறாக உழ, ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். வருடம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பழைய வண்டிகள் எல்லாம் அந்த நாட்களில்தான் என் பட்டறைக்கு வரும். வந்ததும் ஒரே பாட்டு: "அண்ணே, லைட்டு மங்கலா எரியுது. நூறு வாட் பல்பு ரெண்டு போட்டு விடுங்க."

நான் உடனே பல்பைத் தொடுவதில்லை. ஒரு ஜம்பர் ஒயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் (வண்டியின் பாடியோடு சேர்ந்த முனை) மறு முனையை டூமின், அதாவது ஹெட்லைட் கூட்டின், எர்த் ஒயரிலும் பிடிப்பேன். மங்கலாக இருந்த லைட் சட்டென்று வெள்ளையாக எரிந்தால் பல்பு மேல் குற்றமில்லை, எர்த்தில்தான் கோளாறு. என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் கதை. டூமில் இருந்து பேட்டரிக்குக் கரண்ட் திரும்பிப் போகும் வழி பானட், கிரில், போல்ட் என்று இரும்பு வழியாகவே போகிறது. இதற்குள் நான்கு தடவை பெயின்ட் அடித்திருப்பார்கள், அடியில் துரு ஏறியிருக்கும். டூமில் இருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கினால் போதும். நூறு ரூபாய் கூட ஆகாது.

சரி, நூறு வாட்டே போட்டால் என்ன? பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பது டைனமோ. பழைய டிராக்டர்களில் இருந்த லூகாஸ் கம்பெனி டைனமோக்களில் பல, முழு வேகத்தில் ஓடும்போதே 11 ஆம்பியர்தான் தரும். இரண்டு 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நூறு வாட் என்றால் 16 ஆம்பியரைத் தாண்டும். வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது, எல்லாம் பேட்டரியில் இருந்துதான். வரப்போரம் லைட் போட்டு நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தவர், திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் ஆள் வைத்துத் தள்ளுவது இதனால்தான். டைனமோவை அப்படியே வைத்துக்கொள்பவர்களுக்கு 35 வாட் பல்பு அல்லது நல்ல எல்இடி போதும். அதற்கு மேல் வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் டைனமோவுக்குப் பதில் அதிகக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர், அப்புறம்தான் பல்பு.

எல்இடி என்றதும் ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்து டிசைனில் வந்த பழைய வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். குண்டு பல்புக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்ற கவலை இல்லை. எல்இடியைத் தலைகீழாக இணைத்தால் எரியாது, அதன் உலோக உடம்பு மைனஸோடு சேர்ந்திருந்தால் பாடியில் பொருத்தும்போதே ஷார்ட். அதனால் பேட்டரி கேபிளைப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால், டைனமோவின் எஃப் (F என்று குறித்த ஃபீல்டு) முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து ஒரு ஒயரால் அந்த முனையைக் கண நேரம் தொட்டு எடுக்க வேண்டும். சின்னதாகப் பொறி வரும், பயப்பட வேண்டாம். இதைச் செய்யாவிட்டால் டைனமோ தலைகீழாகவே சார்ஜ் கொடுக்கும். ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிவிடுங்கள்.

ஒயரிங்கில் நான் விட்டுக்கொடுக்காதது இரண்டு: ஃப்யூஸ், ரிலே. பழைய சுவிட்ச் வழியாக முழுக் கரண்டையும் ஓட்டினால் சுவிட்ச் சூடாகும், வோல்டேஜும் குறையும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச். அதன் முனைகளில் எண் போட்டிருக்கும்: 30-க்கு பேட்டரி, 87-இல் இருந்து லைட், 86-க்கு சுவிட்ச், 85 எர்த். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒன்று. மெயின் ஒயர் 2.5 சதுர மில்லி மீட்டர், 15 ஆம்பியர் ஃப்யூஸ். அந்த ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், டேஷ்போர்டுக்கு அடியில் அல்ல. பழைய லூகாஸ் ஒயரிங் மிச்சமிருந்தால் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம்.

ஃப்யூஸ் விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். வைக்கோல் ஏற்றப் போன ஒரு வண்டி. உரிமையாளரே வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயரை மட்கார்டு ஓட்டை வழியாக இழுத்து, ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார். ஓட்டையில் ரப்பர் கிடையாது. அதிர்வில் தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்துவிட்டது. என்னிடம் வந்தபோது ஒயர் முழு நீளத்துக்கும் தோல் உரிந்து, டீசல் பைப் ஓரம் கருகி ஒட்டியிருந்தது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஷார்ட் ஆனால் அந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வேலையைத் தொடங்கும்போது எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், கையில் மோதிரம் வேண்டாம்.

பின்பக்கம் பார்த்து வைக்கும் வயல் லைட்டுக்குத் தனி சுவிட்ச் கட்டாயம். ரொட்டவேட்டர் பார்க்க அது வேண்டும், ரோட்டில் ஏறியதும் அணைக்க வேண்டும். பின்னால் வெள்ளை வெளிச்சம் அடித்தால் வருகிறவன் வண்டி எதிரே வருவதாகவே நினைப்பான். கரும்பு ஏற்றிய டிரெய்லரின் பின்னால் சிவப்பு லைட்டும் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லாமல் நான் வண்டியை வெளியே விடுவதில்லை. இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

கடைசியாக லைட்டின் கோணம். வெறும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிசெய்தால், லோடு ஏற்றியதும் முன்பக்கம் லேசாகத் தூக்கி, வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் போய் நிற்கும். டிரெய்லரில் பாரத்தோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். பெரும்பாலானவர்கள் காலி டிரெய்லரோடுதான் வருகிறார்கள். அப்போது கொக்கியின் மேல் என் பையனையும் பக்கத்து டீக்கடைக்காரரையும் ஏற்றி நிறுத்திவிட்டு டூமைத் திருகுவேன்.