இருபது கிலோவும் அறுபது நாளும்: போதைப்பொருள் வழக்கில் மேல்முறையீடு

தீர்ப்பு வந்து நாலு மாதம் கழித்து ஒரு தாய் வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் கசங்கிய சில தாள்கள். கஞ்சா வழக்கில் மகனுக்கு 10 ஆண்டு கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். "அப்பீல் போட்டாச்சுன்னு சொன்னாங்க சார்" என்றார். சொன்னவர் வக்கீல் இல்லை, இடைத்தரகர். 40,000 ரூபாய் வாங்கியிருந்தார். மேல்முறையீட்டு எண் என்னவென்று கேட்டேன்; அப்படி ஒன்று இருக்கும் என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. இணையத்தில் மகன் பெயரைப் போட்டுத் தேடினேன். எதுவும் தாக்கலாகியிருக்கவில்லை.

(அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

என்.டி.பி.எஸ். எனப்படும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில், சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. கெடு 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு அது தயாராக ஆகும் நாட்களை இதில் கழித்துக்கொள்ளலாம். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் ஒன்றை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. அந்தப் பையனுக்கும் தந்திருந்தார்கள். அது சிறையில் அவனிடமே கிடந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

கெடு தாண்டினாலும் கதவு அடைபடாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். காரணத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்றால், காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். சட்ட உதவி எண் 15100. அதற்கும் முன்னால், கைதி தன் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலே போதும். உரிய நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. 40,000 கொடுத்து ஏமாந்த வேலை, சிறைக்குள்ளேயே காசில்லாமல் நடந்திருக்கும்.

சரி, மனு உள்ளே போய்விட்டது. அப்புறம்? குடும்பத்தார் பெரும்பாலும் என்னிடம் கதை சொல்வார்கள். அன்று அவன் அங்கே இல்லவே இல்லை, கூட்டாளிதான் மாட்டிவிட்டான், எஸ்.ஐ.க்கும் மாமாவுக்கும் முன்விரோதம். நிஜமாகவே இருக்கலாம். ஆனால் விசாரணையில் குறுக்கு விசாரணையிலோ நம் தரப்புச் சாட்சியிலோ அது பதிவாகியிருக்காவிட்டால், மேல்முறையீட்டில் அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. புதுச் சாட்சியத்தை அனுமதிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எப்போதாவதுதான் அதைப் பயன்படுத்துவார்கள். ஆகவே நான் கேட்பது கதையை அல்ல; பறிமுதல் மகஜர் (என்ன பிடிபட்டது என்று போலீஸ் எழுதும் பதிவு), சாட்சிகளின் வாக்குமூலம், ஆய்வக அறிக்கை, பிடிபட்ட பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம். இவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படிப்பதில்தான் என் நேரம் போகிறது.

முதலில் நான் தேடுவது எடை. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேலே வணிக அளவு. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, 20 வரை போகலாம். அபராதமும் குறைந்தது 1 லட்சம். நடுவில் இருந்தால் 10 ஆண்டு வரை, ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. நீதிபதி மூன்று ஆண்டும் கொடுக்கலாம், எட்டும் கொடுக்கலாம். சட்டம் சொல்வது 20 கிலோவுக்கு 'மேல்' என்பதை. சரியாக 20 கிலோ இருந்தால்கூட அது வணிக அளவு ஆகாது. அதனால்தான் 20.500, 21, 22 என்று எடை வரும் வழக்குகளில் நான் மகஜரை மூன்று முறை படிப்பேன். சாக்கோடு சேர்த்து நிறுத்தார்களா? சாக்கின் எடையைக் கழித்தார்களா? எந்தத் தராசு, யார் கொண்டுவந்தது? மாஜிஸ்திரேட் முன்பு திரும்ப நிறுத்தபோது என்ன வந்தது? இன்னொன்றும் உண்டு. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. மூட்டையில் என்ன இருந்தது என்று மகஜர் எழுதியவர் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த வாதம் எல்லா அமர்விலும் எடுபடும் என்று சொல்ல மாட்டேன்.

"தண்டனையைக் குறைச்சாவது கொடுங்கன்னு கேளுங்க சார்" என்பார்கள். வணிக அளவு என்று உறுதியாகிவிட்டால் 10 ஆண்டுக்குக் கீழே உயர் நீதிமன்றமும் போக முடியாது. வயது, குடும்ப வறுமை, கைக்குழந்தை எதுவும் அந்தக் கோட்டை நகர்த்தாது. எடை மட்டுமே நகர்த்தும். இன்னொரு பயமும் வீடுகளில் உண்டு: அப்பீல் போனால் தண்டனை கூடிவிடுமோ? தண்டிக்கப்பட்டவர் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டக்கூடாது. கூட்டச் சொல்லி அரசு தனியாக மேல்முறையீடு செய்தால் அது வேறு விஷயம்.

அடுத்து, சிறைக்குள் வாய்வழியாகப் பரவும் '50ஆவது பிரிவு' நம்பிக்கை. மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை செய்யக் கோரும் உரிமை உனக்கு உண்டு என்று போலீஸ் சொல்ல வேண்டும். அதைச் சொல்லவில்லை, ஆகவே விடுதலை என்று எல்லோரும் நம்புகிறார்கள். 2010இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்றது உண்மைதான். ஆனால் இது உடல் சோதனைக்கு மட்டும். பைக்கும் மூட்டைக்கும் வண்டிக்கும் பொருந்தாது. நம் பக்கத்துக் கஞ்சா வழக்குகளில் முக்கால்வாசி மூட்டையும் வண்டியும்தான்.

மாதிரி எடுத்த விதத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. பிடிபட்ட பொருளை மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியல் போட்டு மாதிரி எடுக்கச் சொல்வது 52ஏ பிரிவு. இதைப் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்புக்குப் பிறகு இது ஒன்றை வைத்தே பலர் வெளியே வந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெறும் நடைமுறைப் பிசகு மட்டும் விடுதலைக்குப் போதாது, அதனால் பறிமுதலே சந்தேகத்துக்கு இடமாகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. பழைய தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராவது உறுதி கொடுத்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொறுத்தவரை நிலைமை தெளிவு. தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கில், 2020 அக்டோபரில், அதிகாரிகள் 67ஆவது பிரிவில் வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பொருள் எதுவும் கையில் பிடிபடாமல், இன்னொருவர் சொன்னதை வைத்தே தண்டிக்கப்பட்டவர்களுக்கு இதுதான் பெரிய பிடிமானம்.

மேல்முறையீடு முடியும் வரை வெளியே வர முடியுமா? தண்டனையை நிறுத்திவைக்கக் கூடாது என்று 32ஏ பிரிவில் இருந்த தடையை 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் வணிக அளவு வழக்கில் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குப் பட வேண்டும். ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்கு இது செங்குத்தான ஏற்றம். நான் முதல் மனுவிலேயே கிடைக்கும் என்று யாருக்கும் சொல்வதில்லை.

அந்தத் தாயின் வழக்குக்கு வருகிறேன். தாமதத்தை மன்னித்தார்கள். தண்டனை நிறுத்திவைப்பு மனு தள்ளுபடி ஆனது. மகஜரில் 21 கிலோ. மாஜிஸ்திரேட் முன்பு சாக்கைக் கழித்து நிறுத்தபோது 19 கிலோ 600 கிராம். இரண்டும் வழக்குக் கட்டிலேயே இருந்தன. விசாரணையில் ஒருவரும் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இறுதி விசாரணை வந்தது. விடுதலை இல்லை. வணிக அளவு என்பது இடைநிலை அளவாக மாறி, 10 ஆண்டு 5 ஆனது. அபராதம் 50,000.

அந்த அம்மா காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தார். கைதான நாளிலிருந்து எண்ணினோம், விசாரணைக் காலக் காவலும் கழியும் என்பதால். இந்தச் சட்டத்தில் தண்டனைக் குறைப்பு நாட்கள் கிடையாது. அதனால் ஒரு நாளும் குறையாமல் இன்னும் ஏழு மாதம். அபராதம் கட்டாவிட்டால் அதற்கு மேல் ஆறு மாதம் என்று தீர்ப்பில் இருந்ததைக் காட்டினேன். "அந்த நாப்பதாயிரம் இருந்திருந்தா முக்கால்வாசி ஆயிருக்கும்" என்றார். அபராதப் பணத்தை மகளிர் குழுவில் கடனாகக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பையை மடித்துக்கொண்டு கிளம்பினார்.